காணாக்கடி: கடித்தது யார்?

(எபிசோடின் ஒலி வடிவத்திலிருந்து வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தியது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன வேலையோட ஆரம்பிப்போம். பக்கத்துல ஸ்கேல் இருந்தா எடுத்துக்கோங்க. இல்லைன்னா பேனா மூடி போதும். முன்கையின் உள்பக்கத்துல கொஞ்சம் அழுத்தி ஒரு கோடு போடுங்க. கீற வேண்டாம், அழுத்தினா போதும். போட்டாச்சா? அப்படியே விட்டுடுங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நடுவுல ஒரு இடத்துல திரும்பிப் பார்க்கச் சொல்றேன்.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு சிவப்புக் கோடு வந்து, கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். ஆனால் 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு அந்தக் கோடு மேலே எழும்பி, தோலுக்கு அடியில் கயிறு ஓடுவது போலத் தடித்து நிற்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் சுவடே இல்லாமல் போய்விடும். அவர்களில் பலருக்கு இது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். சிலருக்கு மட்டும் அது தினசரிப் பிரச்சனை. பேக் பட்டை அழுத்திய இடம், பெல்ட் இறுக்கிய இடம், துண்டால் துவட்டிய முதுகு, எல்லாமே தடித்து அரிக்கும்.

இது ஒரு வகை. இன்னொருத்தருக்கு ஐஸ்வாட்டர் டம்ளரைப் பிடித்தால் உள்ளங்கை வீங்கும். இன்னொருத்தருக்கு ஜிம்மில் வியர்க்க ஆரம்பித்ததும் உடம்பு முழுக்கக் குண்டூசித் தலை அளவில் பொரிப்பொரியாக எழும்பும். வெயில் பட்டால் வரும், அதிர்வு பட்டால் வரும், ரொம்ப அரிதாகச் சிலருக்குத் தண்ணீர் பட்டாலே வரும். எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தானாக வருவதும் உண்டு, சொல்லப்போனால் அதுதான் அதிகம். 6 வாரத்தைத் தாண்டி இப்படி வந்து வந்து போனால் அதை நாள்பட்ட அர்டிகேரியா என்கிறார்கள். எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய 2 மடங்கு.

இதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. ஒரு தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நிற்காது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் சொறிந்தவர், காலையில் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது கையில் ஒன்றுமே இருக்காது. "நேத்து ராத்திரி நீங்க பார்த்திருக்கணும் டாக்டர்" என்பதுதான் அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி. சாட்சி இல்லாத வழக்கில் என்ன நடக்கும்? புகார் கொடுத்தவர் மேலேயே சந்தேகம் திரும்பும். "டென்ஷன் ஆகாதீங்க", "எல்லாம் மனசுதான்", "பித்தம்".

இன்றைய கதை அதைப் பற்றித்தான். காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நோயை மருத்துவம் எப்படிப் புரிந்துகொண்டது, அதுவரை யார் மேல் பழி போட்டது.

பெயரிலேயே ஒரு கடி

முதலில் பெயர்கள். அர்டிகேரியா என்பது ‘உர்டிகா’ என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. உர்டிகா ஒரு செடி. நம்ம ஊர் செந்தட்டி மாதிரி தொட்டால் சுணைக்கும், தொட்ட இடம் தடிக்கும். கிரேக்க மருத்துவ நூல்களிலும் இந்த நோயின் பெயர் அதே செடியின் கிரேக்கப் பெயரில் இருந்துதான் வருகிறது. எடின்பரோவில் இருந்த வில்லியம் கல்லன், நோய்களை எல்லாம் வரிசைப்படுத்தி எழுதிய நூலில் 1769இல் அர்டிகேரியா என்ற பெயரைப் பயன்படுத்தினார். அதுதான் நிலைத்தது.

இந்தியாவில் இதற்கு முன்பே ஒரு துல்லியமான குறிப்பு இருக்கிறது. கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டு வாக்கில் மாதவகரர் தொகுத்த ‘மாதவ நிதானம்’ என்ற வடமொழி நூல், சீதபித்தம் என்று ஒரு நோயைச் சொல்கிறது. குளிர்ந்த காற்று பட்டு வருவது, குளவி கொட்டியது போல வீங்குவது, அரிப்பும் குத்தலும் இருப்பது என்று அடையாளம் கொடுக்கிறது. பௌதிகத் தூண்டுதல் என்று இன்று சொல்கிறோமே, அதில் ஒன்றான குளிரை அந்தப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

சீன மருத்துவத்தின் பழைய பெயருக்கு ‘மறைந்திருக்கும் தடிப்பு’ என்று பொருள். தமிழில் காணாக்கடி. கடித்தது தெரியும், கடித்த பூச்சியைக் காணோம். அதனால்தான் விஷக்கடிக்குச் செய்வது போலவே வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்வார்கள்.

செடி, குளவி, பூச்சி. எல்லாப் பெயரிலும் வெளியே இருந்து ஏதோ ஒன்று வந்து தொட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் தேடிப் பார்த்தால் யாரும் இல்லை. அப்போ கடித்தது யார்? இந்தக் கேள்விக்கு ஒரு ஒழுங்கான பதில் கிடைக்க 20ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

ஆட்டோகிராஃப் பெண்கள்

18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்றொரு டாக்டர். மாரடைப்புக்கு முன்னோட்டமாக வரும் நெஞ்சுவலியை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் என்று மருத்துவ மாணவர்களுக்குத் தெரியும். அவர் இந்தத் தடிப்பு நோயைப் பற்றியும் 1760களில் எழுதினார். சிலருக்குச் சில நாளில் போய்விடுகிறது, சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்கிறது என்று கவனித்தார். 1859இல் இன்னொரு லண்டன் டாக்டர், வில்லியம் கல், தோலைத் தேய்த்தாலே எழும்பும் தடிப்பைத் தனியாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். இவர்கள் இருவரும் பார்த்ததை எழுதினார்கள், அவ்வளவுதான்.

பாரிஸில் கதை வேறு மாதிரி போயிற்று.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனை நரம்பியலின் தலைநகர். அதன் நாயகன் ஷான் மார்டின் ஷார்கோ. அவருடைய பெரிய ஆர்வம் ஹிஸ்டீரியா. வலிப்பு, மரத்துப்போதல், பேச்சு நின்றுபோதல் என்று காரணம் புலப்படாத பல கஷ்டங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் கஷ்டங்களுக்கு, அன்று கிடைத்த பெயர் அது. அந்த ஊரில், அந்தக் காலத்தில், தொட்டால் தடிக்கும் தோலும் ஹிஸ்டீரியாவின் கணக்கிலேயே சேர்ந்தது.

1879இல் துஜார்தென் போமெட்ஸ் என்ற பாரிஸ் டாக்டர், ஹிஸ்டீரியா என்று சொல்லப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவர் சங்கத்தில் ஒரு குறிப்பு வாசித்தார். மழுங்கிய முனையால் அவள் தோலில் எழுதினால் சில நிமிடங்களில் அந்த எழுத்து புடைத்து எழும்பியது. அவளுக்கு வைத்த பெயர் ‘ஆட்டோகிராஃப் பெண்’. அதன் பிறகு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. டாக்டர்கள் பெண் நோயாளிகளின் முதுகிலும் மார்பிலும் பெயர்களையும் சொற்களையும் எழுதினார்கள். எழுத்து எழும்பும்வரை காத்திருந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். 1893இல் துசேன் பார்தெலமி இதற்கென்றே படங்களோடு ஒரு முழுப் புத்தகம் போட்டார். தோல் எழுத்து என்று பொருள்படும் டெர்மோகிராஃபிசம் என்ற சொல் அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. இன்றும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

அந்தப் படங்களில் ஒன்று 1904இல் சால்பெத்ரியேரின் பட இதழில் வந்தது. ஒரு பெண்ணின் முதுகு. அதில் பெரிய எழுத்தில் அவளுடைய நோயின் பெயரையே எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் ஸ்கிசோஃப்ரினியா என்று அழைக்கப்படப்போகும் மனநோயின் அன்றைய பெயர் அது. கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியதை ஆளின் மேலேயே எழுதிவிட்டார்கள்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தோலில் ஏதோ நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? டாக்டர் கண் முன்னால், கேமரா முன்னால் எழும்பி நிற்கிறது. ஆனால் அன்றைய பாரிஸ் அதைத் தோலைப் பற்றிய சாட்சியாகப் படிக்கவில்லை. அந்தப் பெண்ணின் நரம்புக்கும் மனசுக்கும் எதிரான சாட்சியாகப் படித்தது.

அதோடு நிற்கவில்லை, கடந்த காலத்துக்கும் போனார்கள். 1630களில் ஃபிரான்ஸின் லூதான் ஊர்க் கன்னிமாடத்தில் பேய் பிடித்ததாகப் பெரிய பரபரப்பு. அதன் தலைமைக் கன்னியாஸ்திரி ஷான் தெஸான்ஷின் இடது கையில் இயேசு, மரியா, சூசை என்று புனிதப் பெயர்கள் தோன்றின. அந்தக் கையைக் காட்டிக்கொண்டே 1638இல் அவர் ஃபிரான்ஸ் முழுக்கப் பயணம் போனார். 1886இல் அவருடைய தன்வரலாறு ஷார்கோவின் முன்னுரையோடு அச்சானது. ஹிஸ்டீரியாவுக்கு ஒரு வரலாற்று உதாரணம் என்று. கையெழுத்தும் டெர்மோகிராஃபிசமாகத்தான் இருந்திருக்கும் என்று டாக்டர்கள் பேசினார்கள்.

ஆனால் 1645இல் அவரைச் சந்தித்த மோன்கோனி என்ற பயணி ஒரு காரியம் செய்திருந்தார். மரியா என்ற பெயரின் முதல் எழுத்தை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். எழுத்தின் ஒரு கால் உதிர்ந்தது. டெர்மோகிராஃபிசம் அப்படி உதிராது, சுரண்டினால் இன்னும் தடிக்கும். தவிர, ஒரு மணி நேரத்தில் மறைகிற தடிப்பை வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றவும் முடியாது. முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு சாட்சியைத் தேடினால் இப்படித்தான் ஆகும்.

மூன்று கட்டம்

சரி, இப்போ உங்க கையைப் பாருங்க. அந்தக் கோடு என்ன ஆச்சு?

இதே வேலையை ஆயிரக்கணக்கான தடவை செய்தவர் தாமஸ் லூயிஸ். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் இதயநோய் நிபுணர். ஈசிஜியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். அவர் 1920களில் இதயத்தை விட்டுவிட்டுத் தோலுக்கு வந்தார். ரொனால்ட் கிராண்டோடு சேர்ந்து, தோலில் அழுத்திக் கோடு போட்டால் என்ன நடக்கிறது என்று பொறுமையாகக் கவனித்தார்.

3 கட்டமாக நடக்கிறது. சில நொடிகளில் அழுத்திய இடம் மட்டும் சிவக்கும். பிறகு சுற்றிலும் ஒழுங்கில்லாத விளிம்போடு சிவப்பு பரவும். கடைசியாக, சில நிமிடங்களில், அழுத்திய கோடு மட்டும் மேலே எழும்பி வெளுக்கும். பரவும் சிவப்புக்கு நரம்பு தேவை. எழும்பும் தடிப்புக்கு அது தேவையில்லை.

இதில் முக்கியமான விஷயம், ஒரு சொட்டு ஹிஸ்டமினை ஊசி முனையால் தோலுக்குள் விட்டால் இதே 3 கட்டமும் இதே வரிசையில் வருகிறது. ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உடலில் என்ன செய்கிறது என்று ஹென்றி டேலும் பாட்ரிக் லெய்ட்லாவும் 1910இலேயே காட்டியிருந்தார்கள். லூயிஸ் அவசரப்படவில்லை. தோலுக்குள் வெளிவருவது ஹிஸ்டமின்தான் என்று நிரூபிக்கும் வழி அன்று அவரிடம் இல்லை. அதனால் ‘ஹெச் பொருள்’ என்று மட்டும் பெயர் வைத்தார். ஹெச் என்றால் என்ன என்று படிப்பவருக்கே புரியும்.

அவர் சொன்னதன் அர்த்தம் பெரியது. ஸ்கேலுக்கு உங்கள் தோல் காட்டும் பதிலும், பாரிஸ் பெண்ணின் முதுகில் எழும்பிய எழுத்தும் ஒரே நிகழ்வுதான். அளவில்தான் வித்தியாசம். எல்லாருடைய தோலிலும் இருக்கும் ஒரு ஏற்பாடு, சிலருடைய தோலில் சின்னத் தூண்டுதலுக்கே முழு வேகத்தில் ஓடுகிறது. அவர்கள் வேறு வகை மனிதர்கள் இல்லை.

அதே 1924இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் வில்லியம் டியூக் என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே பட்டியல் இருந்தது. வெளிச்சம், குளிர், சூடு, உறைதல், தீப்புண், உராய்வு, உடல் உழைப்பு, மன உழைப்பு என எல்லாம் தடிப்பைக் கிளப்பும் என்றார். அதுவரை தடிப்பு என்றால் நேற்று என்ன சாப்பிட்டாய் என்றுதான் தேடல் ஆரம்பிக்கும். சாப்பாட்டைத் தாண்டி, வெறும் குளிரும் சூடும் அழுத்தமும் போதும் என்று டியூக் பட்டியல் போட்டு வைத்தார். ‘பிசிக்கல் அலர்ஜி’ என்று அதற்குப் பெயரும் கொடுத்தார்.

இது சும்மா பெயர் சூட்டும் வேலை இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. 1936இல் மேயோ கிளினிக்கின் பேயர்ட் ஹார்டனும் சகாக்களும் குளிர் ஒத்துக்கொள்ளாதவர்களின் கையைக் குளிர்ந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கை வீங்கியதோடு நிற்கவில்லை, முகம் சிவந்து, ரத்த அழுத்தம் இறங்கி, மயக்கமே வந்தது. ஒரு கைக்கே இப்படி என்றால், குளிர்ந்த ஏரியில் குதித்தால்? நன்றாக நீந்தத் தெரிந்தவர் திடீரென்று மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள். குளிர் பட்டால் தடிப்பு வருகிறவர்கள் குளிர்ந்த நீரில் தனியாக நீந்தக் கூடாது என்று இன்றும் டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

மனசும் ஒரு வயர்தான்

‘எல்லாம் மனசுதான்’ என்ற பழைய கட்சி இதோடு தோற்றுவிட்டது என்று நினைக்காதீங்க. அது இன்னும் பலமாகத் திரும்பி வந்தது.

1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் மனப்பகுப்பாய்வு உச்சத்தில் இருந்தது. அடக்கி வைத்த அழுகைதான் தோல் வழியே தடிப்பாக வெளிவருகிறது என்று எழுதினார்கள். அடி வாங்கிக்கொண்டு எதுவும் செய்ய முடியாமல் நிற்கிறோம் என்று நினைப்பவர்களுக்கே இது வருகிறது என்று வேறு சிலர் எழுதினார்கள். அரிப்பு தாங்காமல் வந்தவரிடம், ‘நீ யார் மேல் கோபத்தை அடக்கி வைத்திருக்கிறாய்?’ என்ற விசாரணை நடந்தது.

இதற்குச் சரியான பதிலை லூயிஸின் பழைய கூட்டாளி கிராண்ட் ஏற்கெனவே கொடுத்திருந்தார். பியர்சன், கோமோ ஆகியோருடன் சேர்ந்து 1936இல் வெளியிட்ட ஆய்வு அது. உணர்ச்சி, உடற்பயிற்சி, உடம்பைச் சூடாக்குதல் ஆகிய 3 தூண்டுதலாலும் வரும் பொரிப்பொரியான தடிப்பை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 3க்கும் பாதை ஒன்றுதான். வியர்வையைக் கிளப்பும் அதே நரம்புகள், அசிடைல்கோலின் என்ற அதே வேதிப்பொருள். இன்று இதற்கு கோலினெர்ஜிக் அர்டிகேரியா என்று பெயர்.

இதைக் கவனமாகப் புரிஞ்சுக்கணும். இன்டர்வியூ பதற்றத்தில் ஒருத்தருக்கு உடம்பு பொரியலாம், அது உண்மை. ஆனால் அதே ஆளுக்கு மாடிப்படி ஏறினாலும் பொரியும், வெந்நீரில் குளித்தாலும் பொரியும். பதற்றம் ஒரு ஸ்விட்ச். மாடிப்படி இன்னொரு ஸ்விட்ச். ஸ்விட்சைத் தட்டினால் ஃபியூஸ் போகிறது என்றால், பார்க்க வேண்டியது வயரிங்கை. மாடிப்படி ஏறியதற்காக யாரும் ஒருத்தருடைய குணத்தைச் சந்தேகப்படுவதில்லை இல்லையா?

மருந்துகளின் கதையிலும் இந்த மனசு விவகாரம் ஒரு சுவாரசியமான திருப்பம் எடுக்கிறது. ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் சேர்மங்களை 1937இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன் மரி ஸ்டோப்பும் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு. 1942இல் பயன்படுத்தக்கூடிய முதல் மருந்து வந்தது. 1946இல் அமெரிக்காவில் பெனட்ரில் வந்தது. போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த மருந்துகள் எல்லாம் தூக்கத்தில் தள்ளின.

1950களில் பெல்ஜியத்தின் யுசிபி நிறுவனம் ஹைட்ராக்சிசைன் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. விற்பனைப் பெயர் அடாராக்ஸ். மன அமைதி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. பதற்றத்துக்கும் அதே மாத்திரை, தடிப்புக்கும் அதே மாத்திரை. தடிப்பு குறைந்ததும், ‘பார்த்தியா, மனசு அமைதியாச்சு, தோலும் சரியாச்சு’ என்று சொல்ல வசதியாக இருந்தது.

ஹைட்ராக்சிசைன் உடம்புக்குள் போனதும் வேறொரு பொருளாக மாறுகிறது. அந்தப் பொருள் மூளைக்குள் ரொம்பக் குறைவாகவே நுழையும். பதற்றத்தைத் தணிக்கும் வேலையை அது செய்யாது. ஆனால் ஹிஸ்டமினை அருமையாகத் தடுக்கும். அதைத் தனியாக எடுத்து 1980களில் மருந்தாக விற்க ஆரம்பித்தார்கள். அதுதான் செட்ரிசின். நம்ம வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிற அதே செட்ரிசின். மனசை அது பெரிதாகத் தொடவே இல்லை, தடிப்பு அப்போதும் குறைந்தது.

கடித்தவன் அகப்பட்டான்

இன்னும் முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த ஹிஸ்டமின் எங்கே இருந்து வருகிறது?

1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில் 24 வயது பால் எர்லிக் ஒரு புது செல்லை விவரித்தார். உள்ளே நிறைய மணிகள் அடைத்துக்கொண்டு, நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்தது போல இருந்ததால் ‘மாஸ்ட் செல்’ என்று பெயர் வைத்தார். ஜெர்மன் மொழியில் மாஸ்ட் என்றால் கொழுக்க வைப்பது. அது என்ன செய்கிறது என்று 75 வருடம் சரியாகத் தெரியவில்லை. 1953இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஜேம்ஸ் ரைலியும் ஜெஃப்ரி வெஸ்டும் அந்த மணிகளுக்குள் இருப்பது ஹிஸ்டமின் என்று காட்டினார்கள்.

தோலில் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஒட்டி மாஸ்ட் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. தூண்டப்பட்டால் மணிகளைக் கொட்டும். ஹிஸ்டமின் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரில் இடைவெளி உண்டாக்கும். நீர் வெளியே கசியும், அந்த இடம் மேலே எழும்பும். சில மணி நேரத்தில் கசிந்த நீரை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். தழும்பும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

ஆனால் யார் தூண்டுகிறார்கள்? 1921இல் ப்ரெஸ்லாவ் நகரில் கார்ல் பிராஸ்னிட்ஸ் ஒரு துணிச்சலான சோதனை செய்தார். சக டாக்டர் ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது. அவருடைய ரத்தத்தின் சீரத்தை பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, மீன் நன்றாக ஒத்துக்கொள்ளும் பிராஸ்னிட்ஸின் தோல் அங்கே மட்டும் தடித்தது. அலர்ஜியை ரத்தம் சுமக்கிறது என்று தெரிந்தது. எது சுமக்கிறது என்பது 1960களின் பின்பாதியில், அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் தனித்தனியாகத் தேடியதில் தெரிந்தது. ஐஜிஇ என்ற ஆன்டிபாடி. மாஸ்ட் செல்லின் மேல் ஒரு ட்ரிகர் மாதிரி அது உட்கார்ந்திருக்கிறது.

நாள்பட்ட அர்டிகேரியா உள்ளவர்களிடம் எந்த உணவையும் எந்தப் பூச்சியையும் குற்றவாளியாகப் பிடிக்க முடியாத நிலையில், 1980களில் கிளைவ் கிராட்டன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் நோயாளியின் சீரத்தை எடுத்து அதே நோயாளியின் தோலில் செலுத்திப் பார்த்தார். சிலருக்குத் தன் ரத்தத்துக்கே தோல் தடித்தது. 1993இல் மிச்சிஹிரோ ஹிடே, கிராட்டன், மால்கம் கிரீவ்ஸ் உள்ளிட்ட குழு லண்டனில் இருந்து விடையை வெளியிட்டது. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருடைய உடம்பு, மாஸ்ட் செல்லின் அந்த ட்ரிகரையே அழுத்தும் ஆன்டிபாடியைத் தானே தயாரித்துக்கொண்டிருக்கிறது.

காணாக்கடியில் கடித்தவரைக் காணாததற்குக் காரணம், அவர் வெளியே இருந்து வரவே இல்லை.

ஐஜிஇயைப் பிடித்துக்கொள்ளும் ஒமாலிசுமாப் என்ற ஊசி 2003இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்காக வந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படாத நாள்பட்ட அர்டிகேரியாவுக்கும் அதைக் கொடுக்கலாம் என்று 2014இல் அனுமதி கிடைத்தது. குளிரும் உராய்வும் ஏன் சிலருடைய மாஸ்ட் செல்லை மட்டும் உசுப்புகின்றன என்பது இன்னும் நடக்கும் ஆராய்ச்சி. ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிந்திருக்கிறது. கை தட்டினாலும், துண்டால் தேய்த்தாலும் தடிக்கும் சில லெபனான் வம்சாவளிக் குடும்பங்களில், மாஸ்ட் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம் அதிர்வில் இரண்டாகக் கழன்றுவிடுவதை 2016இல் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு மரபணுவில் சின்ன மாற்றம்.

இப்போ யார் எழுதுறாங்க?

இன்று ஒரு நல்ல தோல் டாக்டரிடம் போனால், முன்கையில் ஐஸ் கட்டியை 5 நிமிடம் வைத்துப் பார்ப்பார். மழுங்கிய முனையால் கோடு போட்டுப் பார்ப்பார். மருந்து தூக்கம் வராத ஆன்டிஹிஸ்டமினில் ஆரம்பிக்கும். போதவில்லை என்றால் அவர் மேற்பார்வையில் 4 மடங்கு வரை ஏற்றலாம். அதற்கு மேல்தான் ஊசி. இதை நீங்களாகச் செய்யாதீங்க. உதடு, நாக்கு வீங்கி மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ இந்த எபிசோடை எல்லாம் யோசிக்க வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்க.

டெஸ்டும் மருந்தும் இருக்கட்டும். இந்த நோய் எவ்வளவு தீவிரம் என்று அளக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கருவி ஒரு டைரி. தடிப்பு எவ்வளவு, 0 முதல் 3. அரிப்பு எவ்வளவு, 0 முதல் 3. 7 நாள் தினமும் எழுதிக் கூட்டினால் அதிகபட்சம் 42. புது மருந்துகளின் பெரிய ஆய்வுகளில்கூட மருந்து வேலை செய்ததா என்று முடிவு செய்வது இந்த எண்தான். அதை எழுதுவது டாக்டர் இல்லை. ராத்திரி 2 மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள்.

அதனால உங்களுக்கோ உங்க நண்பருக்கோ இது இருந்தால் 2 வேலை செய்யுங்க. தடிப்பு வந்ததும் போனில் ஒரு போட்டோ, தேதியோடு. அன்னைக்கு என்ன பட்டது, என்ன அழுத்தியது, எங்கே வியர்த்தது என்று 2 வரி. டாக்டர் அறைக்குள் போகும்போது அதை எடுத்துட்டுப் போங்க.

140 வருடத்துக்கு முன்னால் பாரிஸில் இந்த நோயைப் பற்றி எழுதியவர்கள் அதை நோயாளியின் முதுகில் எழுதினார்கள். தன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளால் படிக்கக்கூட முடிந்திருக்காது. இன்று எழுத வேண்டிய பேனா உங்க கையில இருக்கு.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.